செங்கல் வரிசைக்கு வலப்பக்கம்

ஜோகுபாளையத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு முன்னால் பதினைந்தடிக்கு மண் கிடந்தது. அந்தத் தெருவில் அது பெரிய ஊதாரித்தனம். மற்றவர்கள் தெரு ஓரம் வரை சுவரை இழுத்து, மாடியை அதற்கும் ஒரு முழம் வெளியே நீட்டியிருந்தார்கள். என் கணவர் மட்டும் மேஸ்திரியோடு கயிறு பிடித்து அளந்து, இதற்கு இந்தப் பக்கம் ஒரு செங்கல் வரக்கூடாது என்று கோடு கிழித்துவிட்டார். வீட்டில் ஓர் அறை குறைந்துபோனது. அதற்காக ஒரு மாதம் சண்டை போட்டேன். எனக்கு வாய் நீளம், அவருக்குப் பொறுமை நீளம். கடைசியில் அவர் கோடுதான் நின்றது.

அவருக்கு வேண்டியது ஒரு லான். பச்சைப் புல், நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி, அவ்வளவுதான். அல்சூர் பக்கம் ஒரு கம்பெனி பங்களாவில் அவருடைய அப்பா முப்பது வருடம் மாலியாக, தோட்டம் பார்ப்பவராக, இருந்தவர். பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடும்பம். பிள்ளைகள் புல்லில் கால் வைக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒரு விஷயத்தை என்னிடம் சொன்னார், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஏதோ ஒரு காகிதப்பூக் கிளையைத் தவறாக வெட்டிவிட்டார். விருந்தாளிகள் முன்னால் அந்த வீட்டு அம்மாள் கத்தியிருக்கிறார். அப்பா தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "தப்புதாம்மா, தப்புதாம்மா" என்று தலையைக் குனிந்து நின்றாராம். இவர் குழாயடியில் நின்று பார்த்திருக்கிறார். "இன்னொரு வாட்டி எங்கப்பா யார் முன்னாடியும் அப்படி நிக்கக் கூடாது" என்றார் என்னிடம். நான் அப்போது தலையாட்டினேன்.

லான் முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கோடையில் காவிரித் தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள் என்று ஆகிவிட்டது. 91 கலவரம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. காவிரியின் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் தமிழர் வீட்டுக் கதவுகளை உதைத்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. அப்படியிருக்க ஒரு தமிழ்க் குடும்பம் அதே தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்சுவதை நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும்? அவர் விடியும் முன்னே எழுந்து, குழாயைத் திறந்து, சத்தம் வராமல் இருக்க ஹோஸை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பாய்ச்சுவார். திருட்டு லான் என்று நான் கேலி செய்வேன். வலது பக்கம் அண்டை வீட்டுச் சுவரின் சூடு அடித்து, என்ன பாய்ச்சியும் புல் கருகிப்போனது. அந்தப் பாதியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். வேறு வழியில்லாமல் கொடுத்தார். நடுவில் செங்கற்களைச் சாய்த்துப் புதைத்து எல்லை போட்டோம்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் துறையின் லேப் அட்டெண்டர். மாணவிகள் வெளியூர் போய்ப் பறித்து வரும் செடிகளைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, பலகையில் அழுத்தி, காய்ந்ததும் அட்டையில் தைத்து ஒட்டுவது என் வேலை. பதினெட்டு வருடமாக ஒட்டியதில், எந்தச் செடியை எந்தப் பூச்சி தின்னும், எந்தப் பூவுக்கு எந்தக் குருவி வரும் என்று துறை மேடம் வகுப்பில் சொல்வதெல்லாம் என் காதிலும் விழுந்தது. மண்ணோடு பிறந்த செடி இருந்தால் அதை நம்பியிருக்கும் உயிர் தானாக வரும் என்பார் மேடம். கேட்டுக் கேட்டு எனக்கும் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. செத்த செடிகளையே தொட்டுக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன ஆசை வரும்?

தும்பை, ஆவாரை, எருக்கு, நொச்சி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். சுவரோரம் கறிவேப்பிலை வைத்தேன். வைட்ஃபீல்டு அப்போது பெரும்பாலும் ராகிக் கொல்லைகள்தான். மாணவிகளோடு அங்கே போனபோது ஒரு வேலியில் ஆடுதீண்டாப்பாளைக் கொடி காய்த்துக் கிடந்தது. பேருக்கு ஏற்றபடி ஆடுகூட வாய் வைக்காத கசப்பு. விதையைக் கைக்குட்டையில் முடிந்து வந்து சுவரடியில் போட்டேன்.

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கப்பா ஆயுசு பூரா புடுங்கிப் போட்டதெல்லாம் தேடித் தேடிக் கொண்டாந்து நடுறியே, உனக்கென்ன கிறுக்கா?"

"உங்கப்பா புடுங்கின பாவத்துக்கு நான் பரிகாரம் பண்றேன், போங்க" என்றேன்.

அண்டை வீட்டுக் கன்னடக்கார அம்மாளுக்குப் பாம்பு பயம். சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏன்ரீ, ஹாவு கீவு பந்த்ரே?" என்று வாரம் ஒருமுறை கேட்பார். வந்தால் உங்களுக்கே சொல்லி அனுப்புகிறேன் என்பேன். பாம்பு வரவில்லை. ஓணான் வந்தது. தேன்சிட்டு வந்து நொச்சிக் கிளையில் குப்பைத் தொங்கட்டான் மாதிரி ஒரு கூட்டைக் கட்டி, குஞ்சு பொரித்துக்கொண்டு போனது. அந்த நாட்களில் என் கணவரும் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகினார், ஆனால் வாய் திறந்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அத்தை இறந்த பிறகு மாமா, இவருடைய அப்பா, அடுகோடியில் தனியாக இருக்க வேண்டாம் என்று இவர் போய் அழைத்து வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு கத்தரி, இவ்வளவுதான் சாமான். "இங்க அவரு எசமான் மாதிரி இருக்கணும்" என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் என் கணவர். லானில் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். "இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு மாமா புல்லைச் சுற்றிக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தார். மறுநாளும் சுற்றித்தான் போனார். புல்லில் கால் வைக்க அவருக்கு வரவில்லை.

ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக இளகினார். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "இன்னாம்மா, உப்பு டப்பாவக் கவுத்துட்டியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் கணவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. கை கழுவும் இடத்தில் என்னிடம், "பாத்தியா, அப்பா கொறை சொல்றாரு!" என்று ரகசியமாகச் சொன்னார், ஏதோ பதக்கம் வாங்கிய மாதிரி. அடுத்த வாரமே சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று இன்னொரு குறை வந்தது. இந்த வீடு அவருக்குத் தன் வீடாகிக்கொண்டிருந்தது. என் கணவர் வேண்டியதும் அதுதான்.

அதே சமயத்தில் எனக்கும் ஒன்று நடந்தது. ஆடுதீண்டாப்பாளை முளைத்து, படர்ந்து, இரண்டு வருடம் சும்மாவே இருந்தது. அந்த ஒரு செடியை மட்டும் தின்று வளரும் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. கறுப்பு இறக்கை, வெள்ளைப் பட்டை, உடம்பு ரத்தச் சிவப்பு. அது வரும் என்று மேடம் சொன்னதை நம்பிக் காத்திருந்தேன். அந்த வாரம் இலைக்கடியில் புழுக்களைப் பார்த்தேன். அரக்குக் கறுப்பு, உடம்பெல்லாம் சதை முள், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. பதினொன்று இருந்தன. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புழுவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இவர் சிரிப்பார். மேடத்திடம் மட்டும் சொன்னேன், சனிக்கிழமை மாணவிகளோடு வருகிறேன் என்றார். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

வியாழக்கிழமை மதியம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போதே புகை வாடை வந்தது. அண்டை வீட்டு அம்மாள் கேட்டில் நின்றிருந்தார். "நிம் மாவ எஷ்டு சென்னாகி க்ளீன் மாடிதாரெ, நோடி!" என்றார் சந்தோஷமாக. உங்கள் மாமா எவ்வளவு அழகாகச் சுத்தம் செய்திருக்கிறார் பாருங்கள் என்கிறார். நான் ஓடினேன்.

செங்கல் வரிசைக்கு வலப்பக்கம் ஒன்றும் இல்லை. சிவப்பு மண் மட்டும். அதையும் சும்மா விடவில்லை, கொத்திக் கிளறி, கட்டி உடைத்து, வாரியால் கோடு கோடாக இழுத்துச் சமன் செய்து வைத்திருந்தார். கறிவேப்பிலை மட்டும் நின்றது, அதையும் உருண்டையாக வெட்டியிருந்தார். மூலையில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டி, கையெல்லாம் மண்ணாக, என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாத்தியாம்மா? ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுறீங்க, பாக்க ஆளில்லாம காடாக் கெடந்துச்சு. அந்தக் கொடியில பூரா புழு. வெச்சிருந்தா எல்லாத்துக்கும் பரவிடும். புழு புடிச்சத எரிச்சிடணும். இனிமே நீ கவலப்படாதே, நான் பாத்துக்கறேன்."

எழுபத்தைந்து வயதில், காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல், மகனுக்கும் மருமகளுக்குமாகத் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்து வைத்திருக்கிறார். இன்றைக்கு அது புரிகிறது. அன்றைக்கு என் கண்ணுக்குச் சாம்பல்தான் தெரிந்தது. கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "என் எடத்துல யாரக் கேட்டுக் கை வெச்சீங்க?"

மாமாவின் சிரிப்பு போய்விட்டது. தோளிலிருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கையையும் முன்னால் சேர்த்தார். "தப்புதாம்மா" என்றார். "கேட்டிருக்கணும். தப்புதாம்மா."

கேட்டில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். முதல் ஷிஃப்ட் முடிந்து என் கணவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார், "அந்த பங்களாவுல முப்பது வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டாரு. மிச்சம் இருந்தத நீ குடுத்துட்ட." அவ்வளவுதான் பேசினார். அதன் பிறகு பல நாள் வீட்டில் சாப்பாடு, சாவி, கரண்ட் பில் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. சனிக்கிழமை வருவதாக இருந்த மேடத்துக்கு, செடி பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன்.

மாமா கோபித்துக்கொண்டு அடுகோடிக்குப் போயிருந்தால்கூடத் தேவலை. போகவில்லை. மாறாக, எங்கள் வீட்டில் மாலியாக வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நாங்கள் எழுவதற்கு முன் வாசலைக் கூட்டியிருப்பார். நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். தன் தட்டையும் டம்ளரையும் தானே கழுவிப் பின்பக்கக் குழாயடியில் தனியாகக் கவிழ்த்து வைப்பார். "கடைக்குப் போயிட்டு வரட்டுங்களாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்பார். அந்த டம்ளரை நான் உள்ளே கொண்டுவந்து வைப்பேன், மறுநாள் அது மறுபடி குழாயடிக்குப் போயிருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் படியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய், "மாமா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க" என்றேன். பதறி எழுந்துவிட்டார். "ஐயய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. உங்க எடம். நீங்க சொன்னது நாயந்தான்." அந்தப் புழு என்ன, அது ஏன் அந்தக் கொடிக்கு வருகிறது என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். வேறு இலையைக் கொடுத்தால் பட்டினி கிடந்து செத்துப்போகும் என்றேன். சுவரோரத்து வெறும் மண்ணைப் பார்த்தார். பிறகு, "வருசா வருசம் எரிச்சோமே அங்க" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போய் நான் இன்னொரு பாரத்தை ஏற்றிவிட்டு வந்தேன்.

பைத்தியக்காரத்தனமாக ஒன்று செய்தேன். ஒரு நாள் குழம்பில் வேண்டுமென்றே இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டேன். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து எழுந்துவிட்டார். மாமா கடைசியாக வந்து உட்கார்ந்தார். நான் சமையலறைக் கதவோரம் நின்று, திட்டட்டும் திட்டட்டும் என்று காத்திருந்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். "நல்லா இருந்துச்சுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மே மாதம் மழை பிடித்தது. வலப்பக்க மண் மொத்தமாகப் பச்சை கட்டியது. அவர் கொத்திக் கிளறியதில் அடியில் கிடந்த விதையெல்லாம் மேலே வந்திருந்தது. எது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பூவும் காயுமாக வளர்ந்து காய்ந்த செடிகளைத்தான் நான் பார்த்தவள், இரண்டு இலையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் மண்ணில் ஆங்காங்கே துடைப்பக் குச்சிகள் நட்டிருந்தன. ஒவ்வொரு குச்சிக்குப் பக்கத்திலும் ஒரு முளை. குச்சி இல்லாத இடத்து முளைகள் பிடுங்கப்பட்டிருந்தன. துடைப்பத்தில் பாதியைக் காணோம்.

"யாரு மாமா குச்சி நட்டது?" என்றேன், தெரியாதது போல.

படியில் இருந்தபடியே தயங்கித் தயங்கிச் சொன்னார். "இது தும்பைங்கம்மா. அது ஆவாரை. பார்த்தீனியத்த மட்டும் எடுத்துட்டேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "சுவரோரம் உங்க கொடி வருதுங்க. நான் வேரோட எடுக்காம வுட்டுட்டேன் போலிருக்கு. அப்படியெல்லாம் வுடமாட்டேன் நானு. வயசாயிடுச்சு." வேலையில் விட்ட குறைக்கு வெட்கப்பட்டார்.

"ரெண்டு எலையில எப்படி மாமா தெரியும்?"

"ரெண்டு எலையில புடுங்கினாத்தாங்க சுளுவா வரும். பின்ன, தெரிய வேணாமா?" என்றார்.

அதன் பிறகு தினமும் விடியலில் அந்த மண்ணருகே குந்தியிருந்தார். குச்சிகள் கூடின. என்றாலும் டம்ளர் குழாயடியில்தான் இருந்தது, சாப்பாடு எங்களுக்குப் பிறகுதான். என் கணவர் காலையில் தன் பக்கப் புல்லுக்கு வந்தால், செங்கல்லுக்கு அந்தப் பக்கம் குனிந்திருக்கும் அப்பாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அப்பா இங்கேயும் யாருக்கோ தோட்ட வேலைதான் செய்கிறார் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர்காரர் வீசிய பேப்பர் வலப்பக்கம் சுவரோரம் போய் விழுந்தது. நான் செங்கல்லைத் தாண்டி, குச்சிகளுக்கு நடுவில் ஒரு காலை வைத்து, அடுத்த காலை வைக்கப் போனேன்.

"ஏய்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? எங்க வெக்கிற கால?"

தெருவுக்கே கேட்டிருக்கும். அண்டை வீட்டு அம்மாளின் தலை சுவருக்கு மேலே வந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு என் கணவர் வாசலுக்கு ஓடி வந்தார். மாமா குழாயடிப் பக்கமிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்தார். வாளியை 'ணங்'கென்று கீழே வைத்தார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். இதோ இப்போது சுதாரித்துக்கொள்ளப் போகிறார், தப்புதாம்மா என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிடாதீர்கள் மாமா, சொல்லிவிடாதீர்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் கணவரும் அதையேதான் கெஞ்சியிருக்க வேண்டும், அவர் கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

மாமா என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்த முளையைப் பார்த்தார்.

"நிக்கிறா பாரு!" என்றார். "அங்க ஒருத்தன் ராத்திரி பகலா பாத்துகினு இருக்கறான், இவ பாட்டுக்கு மிதிச்சிகினு போறா. எடுடி கால!"

எடுத்தேன்.